இருமல் நின்ற பின்



சரித்திரம் என்றவுடன் அரசர்களும் போர்களும் உடன்படிக்கைகளுமே நம் நினைவுக்கு வருகின்றன. இன்று நான் சொல்லப்போவதும் ஒரு போரின் சரித்திரந்தான். அதன் களம் மனிதனுடைய நுரையீரல். ஒரு பக்கத்தில் நிற்பவை கண்ணுக்குப் புலனாகாத கிருமிகள். மறுபக்கத்தில் நிற்பவை மனிதன் கண்டுபிடித்த மருந்துகள். அப்போரின் முக்கியமான கட்டம் ஒன்று நம் சென்னையிலேயே நடந்தது. அதைச் சொல்வதற்கு முன் என் வீட்டுச் செய்தி ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

1974ஆம் ஆண்டில் எனக்கு 12 வயது. அம்பத்தூரில் குடியிருந்தோம். என் பெரியப்பா அங்குள்ள தொழிற்பேட்டையில், ஒரு பட்டறையில் கடைசல் வேலை பார்த்து வந்தார். அவருக்குக் காசநோய் கண்டது. மருத்துவர் இரண்டு மாதம் ஊசி போட்டார். ஓராண்டுக்கும் மேலாக நாள் தவறாமல் மாத்திரை உண்ண வேண்டும் என்றும் சொல்லி அனுப்பினார். பெரியப்பா மாத்திரை விழுங்கியதும் சுவரில் தொங்கிய நாட்காட்டியில் ஒரு கோடு போடுவது என் பொறுப்பு. எழுத்து அழகாக இருக்கும் என்பதனால் அந்த வேலை எனக்குக் கிடைத்தது.

நான்காம் மாதம் இருமல் நின்றது. காய்ச்சல் இல்லை. உடம்பு தேறியது. மாத்திரை மட்டும் வயிற்றைக் குமட்டிற்று. ஒருநாள் பெரியப்பா என்னை அழைத்து, "இருமல்தான் நின்றுவிட்டதே, இனி எதற்கு இந்தக் கசப்பு? பெரியம்மாவிடம் சொல்லாதே. நீ கோட்டை மட்டும் போட்டுக்கொண்டு வா" என்றார். நானும் போட்டேன். சுகாதாரப் பணியாளர் ஒருவர் வந்து விசாரித்தபோது நாட்காட்டியைக் கொண்டுவந்து காட்டியவனும் நானே. ஒரு நாள்கூட விடாமல் கோடு போட்டிருப்பதைப் பார்த்து, அவர் என் முதுகைத் தட்டிக்கொடுத்துச் சென்றார்.

இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு இருமல் திரும்பி வந்தது. முன்பு கேட்ட மருந்து இம்முறை கேட்கவில்லை. 1979இல் பெரியப்பா காலமானார். பரணிலிருந்த ஒரு பிஸ்கட்டுத் தகரடப்பாவைப் பெரியம்மா இறக்கித் திறந்தபோது, அது நிறைய மாத்திரைகள் இருந்தன. அவற்றை எண்ணிப் பார்க்கும் துணிவு எனக்கு இல்லை.

இருமல் நின்ற நாளுக்கும் அது திரும்பி வந்த நாளுக்கும் இடையில் அந்த மார்புக்குள் என்ன நடந்தது? இந்தக் கேள்வி என்னை நெடுங்காலம் விடவில்லை. அதற்கு நான் தேடிக் கண்ட விடையே இந்தச் சரித்திரம்.

எலும்புருக்கி என்றும் க்ஷயம் என்றும் நம் முன்னோர் அஞ்சிய நோய் இது. இதை உண்டாக்கும் கிருமியைக் கண்டுபிடித்ததாக 1882ஆம் ஆண்டு மார்ச்சு 24ஆம் நாள் பெர்லின் நகரில் ராபர்ட் காக் என்னும் ஜெர்மானிய அறிஞர் அறிவித்தார். பகைவன் இன்னான் என்று தெரிந்துவிட்டது. ஆனால் அவனை வெல்லும் படைக்கலம் கிடைக்க மேலும் 60 ஆண்டுகள் ஆயின. அதுவரையில் நல்ல காற்று, நல்ல உணவு, முழு ஓய்வு ஆகிய மூன்றுமே மருந்து. அவற்றை அளிப்பதற்கென்றே ஊருக்கு வெளியே ஆரோக்கிய நிலையங்கள் எழுந்தன. நம் தாம்பரத்தில் மலையடிவாரத்தில் 1928இல் அத்தகைய நிலையம் ஒன்றை நிறுவியவர் டாக்டர் டேவிட் சௌரிமுத்து. இவர் முன்பு இங்கிலாந்தில் இத்தகைய நிலையமொன்றை நடத்தி வந்தார். கணிதமேதை இராமாநுஜன் அங்கே நோயுற்றபோது இவரிடமும் சிகிச்சை பெற்றார். இராமாநுஜனுக்கு வந்தது காசநோய் என்றே அக்கால மருத்துவர்கள் கருதினர். வேறு நோயாக இருக்கலாம் என்று பிற்கால ஆராய்ச்சியாளர் கூறுகின்றனர். எதுவாயினும், 1920 ஏப்ரல் 26ஆம் நாள் அவர் தம் 32ஆம் வயதில் சென்னைச் சேத்துப்பட்டில் உயிர் நீத்தார். அந்தச் சேத்துப்பட்டு என்னும் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மறுபடியும் அங்கே வருவோம்.

1943இல் அமெரிக்காவில் வாக்ஸ்மன் என்பவரின் ஆய்வுக்கூடத்தில், ஆல்பர்ட் ஷாட்ஸ் என்ற இளைஞர் மண்ணில் வாழும் நுண்ணுயிர் ஒன்றிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசின் என்னும் மருந்தைப் பிரித்தெடுத்தார். ஓர் உயிர் தன் வாழ்வுக்காகச் சுரக்கும் பொருள் மற்றோர் உயிரைக் கொல்கிறது. இப்படிப்பட்ட மருந்துகளையே நாம் ஆன்டிபயாட்டிக் என்கிறோம். காசநோய்க் கிருமியை அடக்கிய முதல் ஆன்டிபயாட்டிக் இதுவே.

இதைப் பிரிட்டனில் முறையாகச் சோதித்துப் பார்த்து 1948இல் முடிவை வெளியிட்டார்கள். 55 நோயாளருக்கு மருந்தும் ஓய்வும் கொடுத்தார்கள். 52 பேருக்கு ஓய்வு மட்டும் கொடுத்தார்கள். ஆறு மாத முடிவில் மருந்து பெற்றவர்களில் 4 பேரும், பெறாதவர்களில் 14 பேரும் இறந்திருந்தனர். உலகம் மகிழ்ந்தது. ஆனால் ஐந்து ஆண்டுகள் கழித்துக் கணக்கெடுத்தபோது, மருந்து பெற்றவர்களில் 32 பேரும் பெறாதவர்களில் 35 பேரும் மாண்டிருந்தனர். கிடைத்த வெற்றியில் பெரும்பகுதி கைநழுவிப் போயிற்று. ஏன்?

இங்கே கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். நோய் முற்றிய நுரையீரலில் விழும் குழி ஒன்றில் ஏறக்குறைய 10 கோடி கிருமிகள் இருக்கக்கூடும். அவை பெருகும்போது, பத்து இலட்சத்தில் ஒன்று என்னும் அளவில், ஒரு மருந்துக்குக் கட்டுப்படாத கிருமி தற்செயலாகப் பிறந்துவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் அந்தக் குழியில் நூறு கிருமிகள் தொடக்கத்திலேயே மருந்தை எதிர்த்து நிற்க வல்லவை. மருந்து மற்றவற்றைக் கொன்று களத்தை ஒழித்துக் கொடுக்கிறது. அந்த நூறும் பெருகிக் களம் முழுவதையும் நிரப்பிக்கொள்கின்றன. இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தாலோ, இரண்டையும் ஒருங்கே எதிர்க்கவல்ல கிருமி இலட்சம் கோடியில் ஒன்றுதான் பிறக்கும். 10 கோடியில் அது இருப்பதற்கு வாய்ப்பு மிகவும் குறைவு. ஒரு மருந்தை மட்டும் நம்பலாகாது என்னும் விதி இவ்வாறு பிறந்தது. பாஸ் என்ற மருந்தும், 1952இல் பயனுக்கு வந்த ஐசோநயசிட் என்ற மருந்தும் இதற்குத் துணையாக அமைந்தன.

மருந்து கிடைத்துவிட்டது, கொடுக்கும் முறையும் தெரிந்தது. ஆயினும் நம் நாட்டுக்கு ஒரு சங்கடம் இருந்தது. நோயாளரின் தொகை இலட்சக்கணக்கில். மருத்துவமனைப் படுக்கைகளோ ஆயிரக்கணக்கில். ஒண்டுக் குடித்தனத்தில் அரைவயிற்று உணவோடு வாழும் ஏழைக்கு, வீட்டில் இருந்தபடியே மருந்து கொடுத்தால் நோய் தீருமா? வீட்டில் உள்ள பிள்ளைகளுக்கு அது தொற்றாதா? இதற்கு விடை காண்பதற்காக 1956இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசாங்கம், உலகச் சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் கூடி நடத்திய முயற்சி அது. அந்நிலையம் அமைந்த இடம், பூந்தமல்லி நெடுஞ்சாலைக்கு அண்மையிலுள்ள அதே சேத்துப்பட்டுதான்.

டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் என்பவரின் வழிகாட்டுதலில் முதல் ஆய்வு நடந்தது. 193 நோயாளர்களைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாகப் பிரித்தார்கள். 97 பேர் மருத்துவமனையில் படுக்கை ஓய்வும் நல்ல உணவும் பெற்றார்கள். 96 பேர் தங்கள் எளிய வீடுகளுக்கே திரும்பினார்கள். இரு பிரிவாருக்கும் ஒரே மருந்துகள்; ஓராண்டுக் காலம். வீட்டிலிருந்தவர்கள் வாரந்தோறும் வந்து மருந்து வாங்கிச் சென்றார்கள். அவர்கள் அதை உண்மையாகவே உண்கிறார்களா என்று அறிவதற்குப் பணியாளர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குச் சென்று மருந்தை எண்ணினார்கள், சிறுநீரையும் சோதித்தார்கள்.

முடிவு 1959இல் வெளிவந்தது. ஓராண்டின் இறுதியில் மருத்துவமனைப் பிரிவில் நூற்றுக்கு 92 பேருக்கும், வீட்டுப் பிரிவில் நூற்றுக்கு 86 பேருக்கும் நோய் தணிந்திருந்தது. ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தபோது, நோய் திரும்பியவர் தொகையில் இரு பிரிவுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. வீட்டிலிருந்தவர்களின் குடும்பத்தாருக்கும் அதனால் அதிகமாக நோய் பற்றவில்லை. மலைக்காற்றும் பாலும் முட்டையும் செய்யும் என்று நம்பிய வேலையைச் செய்தது, நாள் தவறாமல் உட்கொண்ட மருந்தே என்பது தெளிவாயிற்று. உலகெங்கும் ஆரோக்கிய நிலையங்களின் காலம் முடிவதற்குச் சென்னையின் இந்த ஏழைகள் காட்டிய வழி ஒரு பெருங்காரணம்.

ஆனால் இந்த வெற்றி முழுவதும் "நாள் தவறாமல்" என்ற இரண்டு சொற்களின் மேல் நிற்கிறது. சென்னை ஆராய்ச்சியாளர்கள் அதையும் உணர்ந்திருந்தார்கள். நோயாளி பணியாளரின் கண்ணெதிரிலேயே மருந்து உட்கொள்ளும் முறையை அவர்கள் வகுத்துச் சோதித்து, வாரம் இருமுறை அவ்வாறு மருந்து கொடுத்த ஆய்வின் முடிவை 1964இல் வெளியிட்டார்கள். பின்னாளில் உலகம் முழுவதும் பரவிய நேரடிக் கண்காணிப்பு முறைக்கு இது முன்னோடி. என் நாட்காட்டிக் கோடுகளைப் போன்ற கோடுகளை அவர்கள் நம்பவில்லை. நம்பாதது எவ்வளவு சரி என்பதை நான் அறிவேன்.

தடுப்பூசி இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். அதற்கும் எங்கள் பக்கத்துச் சரித்திரம் ஒன்று உண்டு. 1968 முதல் 1971 வரை, சென்னைக்கு மேற்கே அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தில், திருவள்ளூரைச் சூழ்ந்த ஊர்களில் ஏறக்குறைய 2,60,000 பேரை உட்படுத்தி பி.சி.ஜி. தடுப்பூசியைச் சோதித்தார்கள். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்பதே முடிவாயிற்று. குழந்தைகளுக்கு வரும் கொடிய மூளைக் காசநோய்க்கு அது காப்பு என்பதனால் இன்றும் போடுகிறோம். ஆனால் பெரியவர்களிடையே நோய் பரவாமல் தடுப்பதற்கு, வந்தவருடைய நோயை முழுவதும் தீர்ப்பது இன்றியமையாதது.

இனி என் கேள்விக்கு வருவோம். இருமல் நின்ற பிறகும் ஏன் அத்தனை மாதம் மருந்து வேண்டும்? 1944இல் ஜோசப் பிக்கர் என்னும் அயர்லாந்து மருத்துவ அறிஞர், பெனிசிலினைக் கொண்டு வேறொரு கிருமியை ஆராயும்போது ஒரு விந்தையைக் கண்டார். மருந்து கோடிக்கணக்கான கிருமிகளைக் கொன்ற பிறகும் மிகச் சில எஞ்சி நின்றன. அவற்றை எடுத்து வளர்த்து மறுபடியும் மருந்திட்டபோது, அவற்றின் சந்ததி முன்போலவே மடிந்தது. ஆகவே அவை மருந்தை வெல்லும் வலிமை பெற்றவை அல்ல. மருந்து வந்த நேரத்தில் உறங்கிக் கிடந்தவை. பெனிசிலின் போன்ற மருந்துகள் வளர்ந்து பெருகும் கிருமியையே தாக்குகின்றன. சுவர் எழுப்புகிறவனுடைய கையைத் தட்டிவிடலாம்; தூங்குகிறவனுடைய எந்தக் கையைத் தட்டுவது?

காசநோய்க் கிருமி இயல்பாகவே மெத்தனமானது. குடலில் வாழும் சாதாரணக் கிருமி 20 நிமிடத்தில் இரண்டாகும். இதற்கோ ஏறக்குறைய 20 மணி நேரம் வேண்டும். அதிலும் நுரையீரலின் சிதைந்த பகுதிகளில், காற்றும் உணவும் குறைந்த இடங்களில், சில கிருமிகள் மாதக்கணக்கில் அடங்கிக் கிடக்கின்றன. முதல் சில வாரங்களில் மருந்து கொல்வது துடிப்பான கூட்டத்தை. அதனால் இருமல் நிற்கிறது. பின்வரும் மாதங்களின் மருந்து, அடங்கிய கூட்டத்தில் ஒவ்வொன்றாக விழித்தெழுவதைக் காத்திருந்து கொல்வதற்காக. என் பெரியப்பா மருந்தை நிறுத்தியபோது அவருடைய மார்பில் போர் முடியவில்லை. பகைவன் பதுங்கியிருந்தான், அவ்வளவே.

உறக்கம் ஒரு தந்திரமானால், கூடி வீடு கட்டிக்கொள்வது கிருமிகளின் மற்றொரு தந்திரம். குளத்துப் படிக்கட்டில் கால் வைத்து வழுக்கியவர்களுக்கு அதைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. துணி துவைக்கும் கல்லை நான்கு நாள் தேய்க்காமல் விட்டால் வழவழவென்று ஒரு படலம் படிகிறது. தண்ணீரை எவ்வளவு ஊற்றினாலும் அது போவதில்லை. தேங்காய் நாரால் தேய்க்க வேண்டும். அந்தப் படலத்தில் எண்ணற்ற நுண்ணுயிர்கள் தாமே சுரந்த பசையில் ஒட்டிக்கொண்டு கூட்டாக வாழ்கின்றன. இதை உயிர்ப்படலம் என்பார்கள். 1680களில் ஹாலந்து நாட்டு லேவன்ஹுக், தம் பற்களில் படிந்த வெண்மையான ஊத்தையை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தார். காடி பட்டதும் வெளியிலிருந்த உயிர்கள் இறந்தன, உள்ளே இருந்தவற்றை அது எட்டவில்லை என்று அப்போதே எழுதி வைத்தார். அந்தக் குறிப்பின் முழுப்பொருள் விளங்க ஏறக்குறைய 300 ஆண்டுகள் ஆயின. கிருமிகள் தனித்தனியே மிதப்பதைவிட இவ்வாறு ஒட்டி வாழ்வதே பெருவழக்கு என்பதை 1978இல் எடுத்துக்காட்டினார் கனடா நாட்டு அறிஞர் காஸ்டர்டன்.

இந்தப் படலத்தின் கொடுமையை மிகுதியாக அனுபவிப்பவர்கள், சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்னும் பிறவிநோய் உடைய குழந்தைகள். 1938இல் அமெரிக்க மருத்துவர் டாரதி ஆண்டர்சன் இதைத் தனி நோயாக வகுத்துக் காட்டினார். இதற்குக் காரணமான மரபணு 1989இல் அறியப்பட்டது. உடலின் உயிரணுக்களில் உப்பைக் கடத்தும் வாயில் ஒன்று சரியாக இயங்காததால், நுரையீரலில் சளி பிசின்போல் இறுகிவிடுகிறது. வியர்வையிலோ உப்பு மிகுந்து போகிறது. இறுகிய சளியில் சூடோமோனாஸ் என்ற கிருமி குடிபுகுந்து, பசை சுரந்து, உயிர்ப்படலம் கட்டிக்கொள்கிறது. தனியே மிதக்கும் கிருமியைக் கொல்லும் அளவைப் போல நூறு மடங்கு, சில சமயம் ஆயிரம் மடங்கு மருந்தும் அங்கே போதுவதில்லை. இது வெள்ளையர் நாட்டு நோய் என்று நம் நாட்டில் நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். அதனால் இந்நோயுடைய நம் குழந்தைகள் சிலர், காசநோய் என்றும் நிமோனியா என்றும் தவறாகக் கருதப்பட்டுச் சிகிச்சை பெற்றார்கள்.

காசநோயும் இதுவும் ஒன்றல்ல. கிருமி வேறு, களமும் வேறு. ஆயினும் இதற்கு டென்மார்க்கில் கண்ட வழி நம் சென்னையின் பாடத்தையே நினைவூட்டுகிறது. கோபன்ஹேகன் மருத்துவர்கள் 1976 முதல், நோயாளிக்குத் துன்பம் மிகும்வரையில் காத்திராமல், மூன்று மாதத்திற்கு ஒருமுறை என்று நாட்காட்டியைப் பார்த்து ஆன்டிபயாட்டிக் கொடுக்கலானார்கள். படலம் கட்டுவதற்கு முன்பே, கிருமி முதலில் தலைகாட்டும்போதே மருந்தை உள்ளிழுக்கச் செய்து விரட்டவும் பிற்பாடு கற்றுக்கொண்டார்கள். சளியைப் பெயர்த்து வெளியேற்ற அக்குழந்தைகளுக்கு அன்றாடம் மார்புப் பயிற்சியும் உண்டு. துவைகல்லுக்குத் தேங்காய் நார் செய்யும் வேலை அது. மருந்தை எப்போது தொடங்குவது, எப்போது நிறுத்துவது என்பதை நோயாளி உணரும் சுகம் தீர்மானிக்கலாகாது என்பதே இரண்டு ஊர்களும் கற்றுத்தந்த பாடம்.

சேத்துப்பட்டு நிலையம் 2011 முதல் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரோடு விளங்குகிறது. இன்று சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாத மருந்து போதும். அரசாங்கம் அதை விலையின்றிக் கொடுக்கிறது. இருந்தும் உலகக் காசநோயாளரில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கினர் நம் நாட்டவர். மருந்துக்குக் கட்டுப்படாத கிருமியைச் சுமப்பவர்களும் அவர்களில் உண்டு. ஒருவர் அரைகுறையாக விட்ட மருந்தின் விளைவு அவரோடு முடிவதில்லை. அவருடைய இருமலின் வழியே, மருந்தையே தொடாத மற்றொருவருக்கும் அந்த முரட்டுக் கிருமி போய்ச் சேருகிறது.

எல்லா நோய்க்கும் ஒரே கால அளவு என்பதில்லை. சில நோய்களுக்குச் சில நாள் மருந்தே போதும். சாதாரண ஜலதோஷத்திற்கு ஆன்டிபயாட்டிக் தேவையே இல்லை. எத்தனை நாள் என்று வரையறுப்பது மருத்துவரின் பொறுப்பு. அத்தனை நாளும் உண்பது நம் பொறுப்பு.

உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ ஒருவர் நெடுநாள் மருந்து உண்கிறவராக இருக்கலாம். எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளை என்று அந்தக் கணக்கை உங்களிடம் ஒப்படைக்கவும் கூடும். மாத்திரை தொண்டைக்குள் இறங்குவதைக் கண்ட பிறகு கோடு போடுங்கள். அவர் மறுத்தால், கோபித்துக்கொண்டாலும் சரி, வீட்டில் உள்ள பெரியவர்களிடம் உடனே சொல்லிவிடுங்கள். அன்று நான் பெரியம்மாவிடம் சொல்லவில்லை.